செவலைக்கும் விரதம் வைத்தேன்

இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. மூன்றாம் வகுப்பு வரைதான் படித்தேன், பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எழுபதுகளில் ஒரு பஞ்ச வருடம். மாதா கோயில் கஞ்சித்தொட்டிக்குக் கேழ்வரகு சேர்க்க, தவக்காலத்தில் பெண்கள் கடத்தூரிலிருந்து தர்மபுரிக்கு ஊர் ஊராக நடந்தோம். தெரு நாய்கள் விரட்டுமென்று வளர்ப்பு நாய்களையும் கூட்டிப் போனோம். என் செவலையைக் கயிற்றில் பிடித்திருந்தேன். போய்ச் சேரும்வரை பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை என்று நேர்ந்திருந்தேன்.

உச்சி வெயிலில் ஒரு பம்புசெட்டு வாய்க்காலில் மற்ற நாய்கள் குடித்தன. செவலையும் இழுத்தது. நான் விடவில்லை.

"ஏம்புள்ள, அதைக் குடிக்க வுடேன்," என்றார் கூட வந்த எலிசா அக்கா.

"நானே குடிக்கலீங்கக்கா. அதுவும் எங்கூட ஒருசந்தி இருக்கட்டும்."

"உன் நாய்க்கு எந்தச் சாமியாரு புள்ள ஞானஸ்நானம் குடுத்தாரு?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு வெட்கமாகிவிட்டது. செவலையை இழுத்துக்கொண்டு வேகமாக நடந்தேன்.

இரண்டு மைல் தாண்டியதும் அது தள்ளாடித் தார் ரோட்டில் விழுந்தது. அக்கா ஓடிப்போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். வாயில் ஊற்றியதெல்லாம் வெளியே வழிந்தது. புளியமரத்தடியில் புதைத்துவிட்டு, கேழ்வரகைச் சுமந்து மீதி தூரமும் நடந்தேன்.

இப்போது விரத நாளில் ஆடு, கோழிக்குத் தண்ணீர் வைத்த பிறகே ஜெபம் சொல்கிறேன். நாய் மட்டும் வளர்ப்பதில்லை. யாராவது குட்டி கொண்டுவந்தால், வேறு வீட்டில் கொடுங்கள் என்று சொல்லிவிடுகிறேன்.