விஜயாவைக் காணும்

இந்த வெளிநாட்டில் எங்கள் ஆட்கள் சுற்றுலா போவதற்கும் இடம் பார்ப்பதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. வீட்டில் சாப்பிடுகிற சோற்றை மலைக்கு அப்பால் கொண்டுபோய், ஏதாவது ஒரு கார் பார்க்கில் வைத்துச் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவதற்குப் பெயர்தான் சுற்றுலா. இதற்கு ஒரு குழு. குழுவுக்கு ஒரு தலைவர். தலைவருக்கு ஒரு ஒலிபெருக்கி.

தலைவர் கதிர்காமநாதன் செவன் ஹில்ஸ் என்ற புறநகரில் இருக்கிறார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், அதிகாரத்திலிருந்து இன்னும் ஓய்வு பெறவில்லை. புது இடம் ஒன்றைப் பற்றி யாராவது சொன்னால் அவர் கேட்பது, மேலே கூரை இருக்கோ, டொய்லெட் கிட்டவோ என்பதைத்தான். அருவியும் காடும் அந்த டொய்லெட்டுக்குப் போகிற வழியில் வரும் இடைஞ்சல்கள்.

இந்தக் கூட்டத்துக்கு வருஷக்கணக்காகச் சோறு போட்டவள் விஜயா. நார்த்மீட்டில் எனக்குப் பக்கத்து வீடு. சொந்த ஊர் கோபிச்செட்டிபாளையம். கணவர் பழனிசாமிக்குப் பரமட்டாவில் கம்ப்யூட்டர் வேலை கிடைத்தபோது கூட வந்தவள். ஊரில் இயற்பியல் படித்துப் பட்டம் வாங்கினாள். இங்கே தொழிற்பேட்டையில் ஷாம்பு போத்தல்களைப் பெட்டியில் அடுக்குகிறாள். பழனிசாமியிடம் கேட்டால், "சும்மா டைம்பாஸுக்குப் போறாங்க" என்பார். அந்த டைம்பாஸில்தான் அந்த வீட்டுக் கடனில் பாதி அடைகிறது என்பதை அவர் சொல்லமாட்டார்.

நான் யாழ்ப்பாணத்துக்காரி. குடிவந்த புதிதில் விஜயா எனக்குத் தேநீர் போட்டுத் தந்தாள்.

"சக்கரை போதுங்களாக்கா?" என்று கேட்டாள்.

"சீனி காணும்" என்றேன். எங்கள் பேச்சில் காணும் என்றால் போதும்.

விஜயா பதறிக்கொண்டு குசினிக்குள் ஓடினாள். "இப்பத்தானுங்க இங்க வெச்சேன்!" என்று சர்க்கரை டப்பாவைத் தூக்கி வந்து காட்டினாள். அவள் ஊரில் காணும் என்றால் தொலைந்துபோய்விட்டது என்று அர்த்தமாம். இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அன்றைக்குப் பிடித்த சிநேகம்.

போன மாதம் பிரின்மோர் பள்ளத்தாக்குக்குப் போனோம். அங்கே போவது எங்களுக்கு மூன்றாவது தடவை. ஒரு காலத்தில் வேல்ஸ் நாட்டிலிருந்து வந்த நிலக்கரித் தொழிலாளர்கள் தங்கள் ஊர்ப் பெயரை அந்தப் பள்ளத்தாக்குக்கு வைத்தார்கள். சுரங்கத்தை மூடியபிறகு அதையே வேடிக்கை இடமாக்கிவிட்டார்கள். சரிவில் இறங்கிப் போகும் குட்டி ரயில், தலையில் தொப்பி மாட்டிச் சுரங்கத்துக்குள் கூட்டிப்போகும் வழிகாட்டி, மேலே ஒரு கேக் கடை. தாத்தாமார் இருமி இருமிச் செத்த இடத்தில் பேரன்மார் நிலக்கரி நிறத்தில் சொக்லேட் விற்கிறார்கள். நாங்கள் அதையும் பார்த்ததில்லை. முந்திய இரண்டு தடவையும் பார்த்தது கார் பார்க்கைத்தான்.

"இந்தத் தடவ கீழ போய்ப் பாத்துப்போட்டுத்தான் வருவேன் மிருணாக்கா," என்று முதல்நாளே விஜயா சொல்லியிருந்தாள். "ரெண்டு தடவையும் ரயில் போற சத்தம் மட்டுந்தான் கேட்டேன். எனக்கு மட்டும் கண்ணில்லையா?"

சொல்லும்போது கண் கலங்கியது. ஒரு குட்டி ரயிலுக்காக ஒருத்தி அழவேண்டியிருக்கிறதே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

போய் இறங்கியதும் வழக்கமான திருவிழா. ஆண்கள் மேசையைப் பிடித்து முந்நூற்றி நாலு விளையாட உட்கார்ந்தார்கள். சீட்டைப் போட்டுக்கொண்டே நார்த்மீட்டில் எந்த வீடு என்ன விலைக்குப் போனது என்று பேசினார்கள். பிள்ளைகள் "போரிங்" என்று போனுக்குள் குனிந்தார்கள். சுஜீதன் என்கிற பொறியியலாளர் பள்ளத்தாக்குக்கு முதுகைக் காட்டிக்கொண்டு விதவிதமாகப் படம் எடுத்தார். விஜயா புளிச்சோறு, தயிர்ச்சோறு, உருளைக்கிழங்கு வறுவல் என்று பரிமாறிக்கொண்டிருந்தாள். அவள் கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பப் பார்க்கும் நேரமாய்ப் பார்த்து யாராவது கூப்பிடுவார்கள்.

"விஜயா, ஊறுகாய் எங்கை?"

ஊறுகாய் அவர்களுடைய மூக்குக்கு முன்னால் இருக்கும்.

நான் முழங்கால் வலியோடு கேக் கடைக்குள் போய் உட்கார்ந்த பிறகு நடந்ததை விஜயா பின்னால் சொன்னாள். பழனிசாமி இரண்டாம் தடவை தயிர்ச்சோறு கேட்டிருக்கிறார். அவள் கரண்டியை அவர் கையில் கொடுத்து, "நீங்களே போட்டுக்குங்க. நான் கீழ போறேன்" என்று நடந்துவிட்டாள். அவர் கரண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாராம், ஏதோ வெடிகுண்டைக் கொடுத்துவிட்டதுபோல. அவளுடைய போனும் அவர் சட்டைப் பையில்தான் கிடந்தது. அவருடையதில் சார்ஜ் தீர்ந்துபோய் அவளுடையதை வாங்கி வைத்திருந்தார்.

பஸ் நாலு மணிக்கு என்று பேச்சு. மூன்று மணிக்குக் கொஞ்சம் தூறியது. இரண்டு துளி மேலே விழுந்ததும் கதிர்காமநாதன் ஒலிபெருக்கியை எடுத்து எல்லோரையும் பஸ்ஸில் ஏறச் சொல்லிவிட்டார். நானும் போய்ப் பின்சீட்டில் உட்கார்ந்தேன். விஜயாவுக்கு எப்போதும் முன்சீட், தேநீர் பிளாஸ்க்குக்குப் பக்கத்தில். சாப்பாட்டுப் பெட்டியை வைத்து ஆள் கணக்குப் பார்ப்பதும் அவள்தான். தலைவர் தலைவராக இருப்பதோடு சரி.

அவர் பஸ் வாசலில் நின்று கேட்டார்.

"விஜயா என்ன சொல்லுறா? ஆக்கள் காணுமோ?"

"விஜயாவைக் காணும்ங்க!" என்றார் பழனிசாமி.

இதெல்லாம் பிறகு தெரிந்தது, பின்சீட்டில் எனக்கு அப்போது கேட்கவில்லை. ஒலிபெருக்கி மட்டும்தான் கேட்டது. "விஜயா காணுமாம்! டிரைவர், கோ, கோ!"

பஸ் புறப்பட்டுவிட்டது.

மலை ஏறி முக்கால் மணித்தியாலம் கழித்து ஒரு பூங்காவில் தேநீருக்காக நிறுத்தினார்கள். எல்லோரும் காகிதக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். ஊற்ற ஆளில்லை. சீனி எந்தப் பையில் என்று யாருக்கும் தெரியவில்லை. இவ்வளவு தூரம் வந்தபிறகு, சீனி கிடைக்காதபோதுதான் விஜயாவின் நினைவு வந்தது.

"விஜயா எங்கை?" என்றார் கதிர்காமநாதன்.

"அப்பவே சொன்னனுங்களே, காணும்னு!" என்றார் பழனிசாமி.

"ஓம், காணுமெண்டு நீர் சொல்லித்தானே நான் பஸ்ஸை எடுத்தனான்!"

"காணும்னு சொன்னா யாராச்சும் பஸ்ஸ எடுப்பாங்களாங்க?"

"காணாதெண்டு சொல்லியிருந்தால் எடுத்திருப்பனே?"

இரண்டு பேரும் தொண்டை கிழியக் கத்தினார்கள். இரண்டுமே தமிழ்தான். நான் நடுவில் புகுந்து என் சீனிக் கதையைச் சொல்லி விளக்கினேன். பிறகு பழனிசாமியைப் பார்த்துக் கேட்டேன்.

"பெண்சாதி ஏறேல்லை எண்டு தெரிஞ்சும் பஸ் வெளிக்கிடேக்க என்ன செய்தனீர்?"

"கீழ இருக்கற கார் பார்க்ல போய்த் தேடத்தான் பஸ்ஸ எடுக்கறாங்கன்னு நெனச்சனுங்க."

"பிறகு?"

"தயிர்ச்சோறு கொஞ்சம் ஜாஸ்தியாயிடுச்சு. கண்ணசந்துட்டேன்."

எனக்கு வாயில் வந்ததை இங்கே எழுத முடியாது.

திரும்பிப் போகவேண்டும் என்றதும் பஸ்ஸுக்குள் முகங்கள் சுருங்கின. ஒருவருக்குப் பிள்ளையின் டியூஷன். இன்னொருவருக்கு வீட்டில் கிரிக்கெட். "அவ ஊபர் பிடிச்சு வந்திடுவா" என்றார் சுஜீதன். போன் இல்லாதவள் எப்படி ஊபர் பிடிப்பாள் என்று அந்தப் படித்த மனிதருக்குத் தோன்றவில்லை. தலைவர் பெரிய மனசு பண்ணி, "சரி, தேத்தண்ணியைக் குடிச்சிட்டே திரும்புவம்" என்றார். குடித்துவிட்டுத்தான் திரும்பினார்கள். சீனியில்லாமல் குடித்தார்கள், அதுவரைக்கும் திருப்தி.

நான் வழியெல்லாம் பயந்துகொண்டே போனேன். இருட்டப்போகிற நேரத்தில், ஆள் தெரியாத இடத்தில், தனியாக நின்று அழுதுகொண்டிருப்பாள் என்று மனம் அடித்துக்கொண்டது.

விஜயா டிக்கெட் கொடுக்கும் இடத்துக்கு வெளியே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, டிக்கெட் பெண்ணோடு சேர்ந்து சுடச்சுட சிப்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். புடவையில் ஒரு பக்கம் கரி. நான் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன்.

"பயந்து போனியோ?"

"மேல ஏறி வரும்போது ரயில்ல இருந்தே பாத்தனுங்க்கா, நம்ம பஸ் போறத. மொதல்ல பக்குன்னுச்சு. எப்படியும் டீ குடிக்கற நேரத்துக்கு என்னத் தேடுவாங்கன்னு தெரியும். அதான் இன்னொருக்கா கீழ போயிட்டு வந்தேன். அந்த டிக்கெட்டு நாள் பூரா செல்லுமாம்."

"அப்பிடி என்னடி இருக்குது கீழை?"

"சுரங்கத்துக்குள்ள போனதும் அந்தாளு எல்லா லைட்டையும் அணைச்சுப்போட்டாரு. எங் கையே எனக்குத் தெரியல." அவள் குரல் இறங்கியது. "யாரும் என்னைக் கூப்பிடல மிருணாக்கா. எவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு தெரியுங்களா?"

அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அதற்குள் மன்னிப்புக் கேட்கக் கதிர்காமநாதன் வந்துவிட்டார். மன்னிப்புக் கேட்கவும் அவருக்கு ஒலிபெருக்கி வேண்டியிருந்தது.

"தங்கச்சி, ஒரு சின்னப் பிழை நடந்து போச்சு. மனசிலை வைச்சிருக்கக் கூடாது. வாற மாசம் கடற்கரைப் பக்கம் போறம். சாப்பாடு வழமைபோல உம்மடை பொறுப்புத்தானே?"

விஜயா சிப்ஸ் காகிதத்தைக் கசக்கிக் குப்பைத் தொட்டியில் போட்டாள். கையைத் தட்டிக்கொண்டு எழுந்தாள்.

"காணும் அங்கிள்" என்றாள்.

தலைவருக்கு விளங்கிவிட்டது. ஒலிபெருக்கி தானாகக் கீழே இறங்கியது. அப்போதுதான் பஸ்ஸிலிருந்து கொட்டாவி விட்டுக்கொண்டு இறங்கிவந்த பழனிசாமிக்குத்தான் விளங்கவில்லை. பதறிப்போய்ச் சட்டைப் பையைத் தடவினார். இரண்டு போனும் இருந்தன. காற்சட்டைப் பையையும் தடவினார்.

"என்னத்தக் காணும்?" என்றார்.

"என்னையத்தான்" என்றாள் விஜயா.