புரட்டாசிக் கொடுவா

ரத்தினவேலின் தூண்டில் கழிதான் அவர் வீட்டில் துணி காயப்போடும் கொம்பு. மைசூரில் அவர்கள் குடியிருக்கும் மாடியில், ஜன்னல் கம்பிக்கும் எதிர்ச்சுவர் ஆணிக்கும் நடுவே அது கிடக்கும். மனைவி மகேஸ்வரியின் சேலைகள் அதில் தொங்கும். வருடக்கணக்காகக் கடலுக்குப் போய் வெறுங்கையோடு வருகிறவரின் கழிக்கு அந்த மரியாதையே ஜாஸ்தி என்பது அவள் கட்சி.

"ஒரே ஒரு மீனுங்க. நீங்களே புடிச்சதுன்னு நான் நம்பற மாதிரி காட்டுங்க. அன்னிக்குக் கொம்பை எறக்கறேன்" என்று சொல்லியிருந்தாள்.

மாதேஸ்வரன் மலைப் பக்கத்து மார்டள்ளியில் பிறந்து, மைசூரில் டயர் கம்பெனி வேலைக்கு வந்த மனிதர். கடலைப் பார்த்ததே நாற்பது வயதுக்கு மேல்தான். பாலன் என்கிற பையன் மங்களூரிலிருந்து மைசூருக்கு மீன் வண்டி ஓட்டுகிறான். அதில் தொற்றிக்கொண்டு போவார், வருவார். திரும்பும்போது வண்டி நிறைய மீன் இருக்கும். அதில் ஒன்றை வாங்கிக் கதை விட்டிருக்கலாம். ரோஷம் விடவில்லை.

கடல் விஷயம் அவருக்கு அத்துப்படி. ஆனி, ஆடியில் போய்ப் பிரயோஜனமில்லை. மழைத் தண்ணீர் ஆற்றோடு செம்மண்ணாக வந்து கடலில் விழும். அலை கரையோரத் தடுப்புக் கல்லுக்கு மேலே ஏறி அடிக்கும். புரட்டாசியில் கலங்கல் தெளியும். பொடி மீன்கள் ஆற்று வாய்க்குள் நுழையும், பெரிய மீன் அவற்றைத் துரத்திக்கொண்டு கரைக்கு வரும். அமாவாசையன்று தண்ணீர் வேகமாக ஏறும். ஏற்றம் முடிகிற நேரத்தில், கலங்கலும் தெளிவும் சேருமிடத்தில் உயிர் இறாலைப் போட்டு, கல் ஓரமாகவே மிதந்துவர விட வேண்டும்.

ஆனால் புரட்டாசியில் அவர் வீட்டில் கவுச்சி கிடையாது. அமாவாசை என்றால் குடும்பத்தோடு மாதேஸ்வரன் மலை. மீன் வருகிற நாளெல்லாம் சாமிக்குப் போக, மீதி நாளில் மீன் பிடித்துக்கொண்டிருந்தவர் அவர்.

இந்த வருடம் மகாளய அமாவாசை ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஷிப்டு மாற்றிவிட்டார்கள் என்று சொன்னார். மகேஸ்வரி முதல் நாளே மலைக்குப் போகத் தனியாகக் கொள்ளேகால் பஸ் ஏறினாள். அவள் போனதும் கழியை உருவினார். ஈரச் சேலைகளை நாற்காலியில் குவித்துவிட்டுக் கிளம்பினார்.

வண்டியில் பாலன் கேட்டான். "அண்ணா, நாளைக்கு உங்க வீட்ல மீனு ஆகுமா?"

"ஆகாது."

"அப்ப எதுக்கு வர்றீங்க?"

"தண்ணி நல்லாருக்கும்."

பிடித்துவிட்டால் என்ன செய்வது என்று அவர் யோசிக்கவில்லை. அதுவரை அந்தக் கேள்விக்கு அவசியம் வந்ததில்லை.

மறுநாள் காலை, பாலன் துறைமுகத்தில் மீன் ஏற்றப் போனான். ரத்தினவேல் தனியாகக் கல்மேல் நின்றார். ஏற்றம் நிற்கப் போகிற சமயம், கழி வில்லாக வளைந்தது. முழங்கை நீளத்துக்கு ஒரு கொடுவா. அவர் பிடித்த முதல் கடல் மீன். போன் வண்டியில் சார்ஜில் இருந்தது. சுற்றிலும் ஆள் இல்லை.

கொஞ்ச நேரம் அதன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முள்ளைக் கழற்றி, தண்ணீரில் இறக்கி, அது வாலை அசைக்கும் வரை இரண்டு கையாலும் பிடித்திருந்து விட்டுவிட்டார்.

சாயங்காலம் கழியோடு வீட்டு வாசலில் வந்து நின்றார். மகேஸ்வரி முன்பே வந்திருந்தாள். பக்கத்து நாற்காலியில் சேலைக் குவியல், மடியில் மலை லட்டுப் பொட்டலம்.

"ஏனுங்க, ஷிப்டுக்குக் கொம்பு எதுக்குங்க?"

ஒன்றுவிடாமல் சொன்னார். கடைசியில் மீனை விட்டதையும் சொன்னார். "போட்டோகூட இல்ல மகேஸ்வரி. நீ நம்ப மாட்டே."

அவள் அவர் கையைப் பிடித்து முகர்ந்து பார்த்தாள்.

"இத்தனை வருசம் நீங்க கடலுக்குத்தான் போறீங்களான்னே எனக்குச் சந்தேகமுங்க. இன்னிக்கு நம்பறேன்."

"எப்படி?"

"பொய் சொல்றவரு புரட்டாசி அமாவாசைல புடிச்சேன்னு சொல்லுவாரா? போய்த் தலைக்கு ஊத்திட்டு வாங்க. அடுத்த அமாவாசைக்கு மலைக்கு வந்து ஷிப்டுக் கதையைச் சாமிகிட்டச் சொல்லிக்குங்க."

அவர் குளித்துவிட்டு வந்தபோது கழி மூலையில் சாத்தியிருந்தது. மகேஸ்வரி சேலைகளை மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் விரித்துக்கொண்டிருந்தாள்.