கல்லாவில் உட்கார்ந்து ஐசி கேட்ட நாட்கள்

1. முகம் பார்க்கிற வேலை

கல்லாவில் நான் உட்கார்ந்த முதல் நாளே நோன்பின் முதல் நாள். அதற்கு முன் ஆறு வருடம் அதே கடையில் தே தாரிக் டீ ஆற்றிக்கொண்டிருந்தேன். கல்லாவில் இருந்தவர் ஊருக்குப் போய்விட்டதால் முதலாளி என்னைக் கூப்பிட்டு அந்த நாற்காலியில் உட்கார வைத்தார்.

கடை செனாயில், தொழிற்சாலைகள் நிறைந்த ரோட்டில் இருக்கிறது. மதியம் பன்னிரண்டு மணிக்கு யூனிஃபார்ம் போட்ட கூட்டம் மொத்தமாக வந்து விழும். நம் தமிழ் ஆட்கள், சீனர்கள், நேப்பாளிகள் என்று எல்லோரும் வருவார்கள். அதனால் நோன்பு மாதத்திலும் பகலில் கடையைத் திறந்துதான் வைத்திருந்தோம். முன்பக்கம் ஒரு கேன்வாஸ் திரையைத் தொங்கவிடுவோம், அவ்வளவுதான்.

முதலாளி சொன்னார்: "இங்க பாரு காதரு. முஸ்லிமுக்குப் பகல்ல சோறு வித்தா தின்னவனுக்கும் கேசு, வித்தவனுக்கும் கேசு. வர்றவன் மொகத்தப் பாரு. சந்தேகமா இருந்தா ஐசி கேளு. வெக்கப்படாத. லைசென்சு போச்சுன்னா பன்னெண்டு பேரு குடும்பம் நடுரோட்டுல நிக்கும்."

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். இந்த நாட்டில் ஐசி என்கிற அடையாள அட்டையில், முஸ்லிமாக இருந்தால் மட்டும் 'இஸ்லாம்' என்று அச்சடித்திருக்கும். மற்றவர்களுக்கு அந்த இடம் காலியாக இருக்கும். ஆகவே என் வேலை சுலபம். அந்த ஒரு சொல் இருந்தால் சோறு கிடையாது.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் நோன்பு பிடிக்கிறவன். கைக்கெட்டும் தூரத்தில் மீன்தலைக் கறி கொதிக்க, பகல் முழுவதும் உட்கார்ந்து நோன்பு பிடித்திருக்கிறேன். வருடத்தில் எனக்குப் பிடித்த மாதமே அதுதான். கீழே எழுதியிருப்பதைப் படித்துவிட்டு இவன் நோன்புக்கு எதிரி என்று யாரும் கிளம்ப வேண்டாம்.

2. என் கண்ணின் கெட்டிக்காரத்தனம்

முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன் என்று நான் பீற்றிக்கொண்டதுண்டு. அந்தப் பெருமையை இரண்டு மூன்று பேர் நன்றாகவே இறக்கி வைத்தார்கள்.

ஒருநாள் தாடி வைத்த தமிழ் லாரி டிரைவர் ஒருவரை நிறுத்தி ஐசி கேட்டேன். அவர் கடையே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார். "அலமாக், அண்ணே! எங்க அப்பாதான் மாரியம்மன் கோயில் தலைவர் லா! தாடி வச்சா மதம் மாறிடுமா?" நானும் சேர்ந்து சிரித்தேன். ஒரு கோழித்துண்டு அதிகமாக வைக்கச் சொன்னேன்.

சரவாக்கிலிருந்து வேலைக்கு வந்த ஒருவர் சிரிக்கவில்லை. பார்க்க அசல் மலாய்க்காரர் போலவே இருந்தார். ஐசி கேட்டதும் சட்டைக்குள்ளிருந்து சிலுவையை எடுத்துக் காட்டினார். அதெல்லாம் எனக்குத் தெரியாது, ஐசியைக் காட்டு என்றேன். காட்டினார். காலியாக இருந்தது. சரி, தட்டை எடுத்துக்கொள் என்றேன். அவர் தட்டைத் திரும்ப அடுக்கிலேயே வைத்துவிட்டு, "எங்கள் ஊரில் சோற்றுக்கு யாரும் என்னை இப்படிக் கேட்டதில்லை" என்று மலாயில் சொல்லிவிட்டுப் போனார். திரும்பி வரவே இல்லை.

மூன்றாமவர் ஒரு மலாய்ப் பெரியவர். மனைவிக்கு ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு அழைத்து வருகிறேன், மாத்திரை போடுவதற்கு முன் ஏதாவது சாப்பிட வேண்டும், ஒரு பொட்டலம் கொடு என்று கேட்டார். மனைவி காரில் தலை சாய்த்துக் கிடந்தது கல்லாவிலிருந்தே தெரிந்தது. நோயாளிக்கு நோன்பு கடமையில்லை என்பது சின்ன வயதில் ஓதப் போன காலத்திலிருந்தே எனக்குத் தெரியும். ஆனாலும் முடியாது என்றேன். மார்க்கம் விட்டுக்கொடுத்ததைக் கல்லாவில் உட்கார்ந்திருந்த நான் விட்டுக்கொடுக்கவில்லை. அன்று இரண்டு கடை தள்ளி ஒரு சீனர் அவருக்குக் கஞ்சி கொடுத்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

3. செல்வி

செல்வி பக்கத்துத் தொழிற்சாலையில் கியூசி என்கிற தரச் சோதனைப் பிரிவில் வேலை பார்த்தாள். ஆறு வருடமாக எங்கள் கடையில்தான் மதியச் சாப்பாடு. சோறு, கோபிஸ் என்கிற முட்டைக்கோஸ், மீன் குழம்பு, தனியாக ரசம். வெள்ளிக்கிழமையில் மீன் தொடமாட்டாள். நெற்றியில் சின்னதாகக் கறுப்புப் பொட்டு. தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுத்துவிட்டு, அடுத்த வாரம் பிரசாதத்தைக் கட்டிக்கொண்டு வந்து கல்லாவில் வைப்பாள். "அண்ணே, சாப்பிடுவீங்களா மாட்டீங்களான்னு தெரியல. கடையில யாருக்காச்சும் குடுங்க" என்பாள். கடையில் வேலை செய்த நேப்பாளிகளுக்குக் கொடுத்துவிடுவேன்.

சாப்பிட வரும்போது மற்ற பெண்கள் கழுத்தில் தொழிற்சாலை அட்டை தொங்கும். இவளுடையது மட்டும் பைக்குள் இருக்கும். வேலை இடத்து அட்டையைச் சாப்பாட்டு நேரத்தில் கூட மாட்டிக்கொள்ள வேண்டுமா என்று நினைக்கிறாள் போல, என்று நானும் விட்டுவிட்டேன்.

நான் கல்லாவுக்கு வந்து சில வருடம் கழித்து, ஒரு நோன்பில் பக்கத்து ரோட்டுக் கடை ஒன்று சோதனையில் மாட்டிக்கொண்டது. முதலாளி பயந்துபோய், யாராக இருந்தாலும் எல்லோரிடமும் ஐசி கேட்கச் சொல்லிவிட்டார். செல்வி வரிசையில் வந்தபோது கை நீட்டினேன். முகம் வெளுத்துவிட்டது.

"அண்ணே, ஐசி லாக்கர்ல இருக்கு."

"உனக்கு எதுக்கும்மா ஐசி? அதான் நெத்தியிலயே ஒட்டி வச்சிருக்கியே. போ, போயி சாப்பிடு."

கூட இருந்த பெண்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அந்தப் பெண் ஏன் அப்படி வெளுத்தாள் என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை. முகம் பார்க்கிறதில் நான் அவ்வளவு கெட்டிக்காரன்.

4. பன்னிரண்டரை மணி

நான்கு நாள் கழித்து மத இலாகா அதிகாரிகள் வந்தார்கள். மூன்று ஆண்கள், ஒரு பெண். மூத்தவர் எனக்கு ஸலாம் சொல்லிவிட்டு, மேசை மேசையாகப் போய் எல்லோரிடமும் ஐசி வாங்கிப் பார்த்தார். செல்வி மேசைக்கு வந்தபோது அவள் பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெண் அதிகாரி மெதுவாகத்தான் கேட்டார். வேறு வழியில்லாமல் எடுத்துக் கொடுத்தாள்.

அதில் செல்வி என்ற பெயரே இல்லை. வேறு பெயர், முஸ்லிம் பெயர். அந்த ஒரு சொல்லும் இருந்தது.

அவளுக்கு மூன்று வயதாக இருக்கும்போது அப்பா இன்னொரு கல்யாணத்துக்காக மதம் மாறியிருக்கிறார். மாறும்போது பிள்ளையையும் சேர்த்துப் பதிந்துவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் வீட்டுப் பக்கமே வரவில்லை. அம்மாதான் கோயிலும் குளமுமாக வளர்த்தாள். பன்னிரண்டு வயதில் ஐசி எடுக்கப் போனபோதுதான் இரண்டு பேருக்கும் விஷயமே தெரிய வந்தது. இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. அன்று தெரிந்தது, அவள் எழுந்து நின்று என்னைக் கைகாட்டியது மட்டும்தான்.

"நான் இந்துதான். அந்த அண்ணனைக் கேளுங்க. ஆறு வருசமா என்னைப் பாக்குறாரு" என்று மலாயில் சொன்னாள்.

மூத்தவர் என்னிடம் வந்தார். தான் முஸ்லிம் என்று இந்தப் பெண் உன்னிடம் எப்போதாவது சொன்னாளா என்று கேட்டார். இல்லை என்றேன். ஐசி கேட்டாயா? கேட்டேன், லாக்கரில் இருக்கிறது என்றாள். அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டு கையெழுத்து வாங்கினார். நான் சொன்னது ஒவ்வொன்றும் உண்மை. ஆனால் காகிதத்தில் படித்துப் பார்த்தால் அவள் என்னை ஏமாற்றியது போல் இருந்தது. அவள் பொட்டு, பால்குடம், வெள்ளிக்கிழமை எதையும் அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அவர் கெட்ட மனிதர் அல்ல. குரலே உயர்த்தவில்லை. மறுநாள் அலுவலகத்துக்கு வரச் சொல்லி அவளிடம் ஒரு காகிதம் கொடுத்தார், எங்களுக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம். அவர்கள் போனபின் செல்வியோடு சாப்பிட்டுக்கொண்டிருந்த பெண் கேட்டாள்: "ஏய், நீ முஸ்லிமா? ஏன் எங்ககிட்ட சொல்லல?" செல்வி பையை எடுத்து மாட்டிக்கொண்டாள். பாதிச் சோற்றை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போனாள். அன்றைக்கு அவள் தட்டைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. லைசென்ஸ் தப்பியதில் ஒரு நிம்மதியும் இருந்தது. இரண்டையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

5. ஒரு கையெழுத்து

பெருநாள் கழிந்து இரண்டு வாரம் இருக்கும். செல்வியின் அம்மா கடைக்கு வந்தார். வக்கீல் தயாரித்த சத்தியக் கடிதம் ஒன்று கையில் இருந்தது. செல்விக்குக் கல்யாணம் பேசி முடிந்திருந்தது. ஐசியில் அந்தச் சொல் இருக்கும்வரை அந்த இந்துப் பையனோடு கல்யாணத்தைப் பதிய முடியாது. அவள் எந்தக் காலத்திலும் முஸ்லிமாக வாழவில்லை என்று கோர்ட்டில் காட்டினால் வழி பிறக்கலாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார்.

"புதுசா எதுவும் எழுதல பாய். நீங்க கண்ணால பாத்தது மட்டும்தான். பொட்டு வச்சிருந்தா, வெள்ளிக்கிழமை மீனு சாப்பிடமாட்டா, பிரசாதம் கொண்டாந்து குடுத்தா. அவ்வளவுதான். ஒரு முஸ்லிமே சொன்னா கோர்ட்டுல அதுக்கு மதிப்பு இருக்குன்னு வக்கீல் சொன்னாரு."

படித்துப் பார்த்தேன். ஒரு வரிகூடப் பொய் இல்லை. முதலாளியிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். எனக்கு ஐம்பத்தாறு வயது அப்போது. கையெழுத்துப் போட முதலாளியிடம் எதற்குக் கேட்க வேண்டும்?

முதலாளி கையிலிருந்த கிளாஸைக் கீழே வைத்தார். "உனக்கென்ன பைத்தியமா காதரு? தமிழ் முஸ்லிமுங்க நம்மளையே இங்க மாமாக்குன்னு சொல்லி அரை முஸ்லிம் மாதிரிதான் பாக்குறாங்க. ஒருத்திய மார்க்கத்துலேருந்து வெளிய எடுக்க நம்ம கடை ஆளு கையெழுத்துப் போட்டான்னு வெளிய தெரிஞ்சா என்னாகும்? ஜும்மாவுக்குப் போயி பக்கத்துல இருக்குறவன் மொகத்துல முழிப்பியா?"

அவர் பயத்தை நான் குறை சொல்லமாட்டேன். எனக்கும் அதே பயம்தான். என் மகள் அரசாங்க வேலைக்கு எழுதிப் போட்டிருந்தாள். பள்ளிவாசல் கமிட்டியில் அப்போதுதான் என் பெயரைச் சேர்த்திருந்தார்கள். நான் யாரையும் மார்க்கத்திலிருந்து வெளியே எடுக்கவில்லை, அந்தப் பெண் ஒருநாளும் உள்ளே இருந்ததே இல்லை, என்று இப்போது எழுத வருகிறது. அன்று வாய் வரவில்லை.

அந்த அம்மா மறுபடியும் மூன்று முறை வந்தார். முதல் முறை யோசிக்கிறேன் என்றேன். இரண்டாம் முறை கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்தேன் என்றேன். மூன்றாம் முறை அவர் ரோட்டைக் கடந்து வருவதைப் பார்த்துவிட்டுப் பின்பக்கம் போய், பாத்திரம் கழுவுகிற இடத்தில் நின்றுகொண்டேன். பாய் இல்லை என்று உள்ளே இருந்தவர்கள் சொன்னார்கள். அதன்பிறகு அவர் வரவில்லை.

6. கூலாய் கிளினிக்

முழங்கால் வலி வந்து வேலையை விட்டேன். போன வருடம் மருந்து வாங்குவதற்காக கூலாயில் அரசாங்க கிளினிக்குக்குப் போய், நம்பர் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர் செல்வியின் அம்மா. மடியில் ஒரு பெண் குழந்தை, ஊசி போட வந்திருக்கிறது. எழுந்து போய்விடலாமா என்று பார்த்தேன், முழங்கால் விடவில்லை.

"நல்லா இருக்கீங்களா பாய்?" என்று அவர்தான் முதலில் பேசினார்.

"செல்வி புள்ளையா?"

"ஆமா. கேசு தள்ளுபடியாயிடுச்சி பாய். சாட்சி சொன்னவங்க எல்லாம் சொந்தக்காரங்களாவே இருக்காங்க, வெளியாளு ஒருத்தரும் இல்லையான்னு ஜட்ஜு கேட்டாராம். மாப்பிள்ள நல்ல பையன், விட்டுட்டுப் போவல. கோயில்ல தாலி கட்டினான். ஆனா பதிவு கிடையாது. அதனால புள்ளைக்குப் பொறப்புப் பத்திரத்துல அப்பா பேரு எடத்துல 'தகவல் இல்லை'ன்னு போட்டிருக்கு. தகவல் இல்லையாம். அப்பன் இந்தா வெளிய கார்ல உக்காந்திருக்கான்."

"புள்ளைக்கு மதம்?"

"அம்மாவுக்கு என்னவோ அதான் புள்ளைக்கும்."

"நான் இப்ப வேணா கையெழுத்து..." என்று ஆரம்பித்தேன்.

"இப்ப எதுக்கு பாய்?" என்றார். கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "செல்வி இப்ப சிங்கப்பூருக்குத்தான் வேலைக்குப் போறா. வெளிய எங்கயும் சாப்பிடுறதில்ல. எந்த மாசமா இருந்தாலும் வூட்டுலேருந்து கட்டிட்டுப் போயிடுறா."

அவர் நம்பர் திரையில் வந்தது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். கதவுக்கு அந்தப் பக்கம் குழந்தை வீரிட்டு அழுவது கேட்டது. என் நம்பர் வரும்வரை இருக்காமல் வீட்டுக்குப் போய்விட்டேன்.

நான் அறிந்த மார்க்கத்தில், அல்லாஹ்வுக்குச் செய்த பிழையை அவன் நாடினால் மன்னிப்பான். மனிதருக்குச் செய்ததை அந்த மனிதர்தான் மன்னிக்க வேண்டும். செல்வி மாட்டிக்கொண்ட அந்த வருடம் முப்பது நோன்பும் பிடித்தேன், ஒன்றுகூட விடவில்லை. செல்வியிடம் போய் நிற்க மட்டும் இன்றுவரை எனக்குத் தைரியம் வரவில்லை.

இன்றைக்குக் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் தம்பிகளுக்கு ஒன்று சொல்கிறேன். ஐசி கேட்கச் சொன்னால் கேளுங்கள். சட்டம் இருக்கிறது, உங்கள் வயிறும் இருக்கிறது, உங்களைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் நீங்கள் கண்ணால் பார்த்ததை எழுதித் தரச் சொல்லி ஒருத்தி வந்து நின்றால், யாரிடமும் கேட்காதீர்கள், யோசிக்கிறேன் என்று சொல்லாதீர்கள். அவள் நிற்கும்போதே பேனாவை வாங்கிக் கையெழுத்தைப் போட்டுவிடுங்கள். நான் பாத்திரம் கழுவுகிற இடத்தில் ஒளிந்திருந்தது பத்து நிமிடம்தான். அந்தப் பிள்ளை அப்பா பெயர் இல்லாமல் வளர்கிறது.