மாமா பிடித்த திருக்கை

என் மாமாவுக்கு வலிப்பு நோய் ஒருநாளும் இருந்ததில்லை. எனக்கு இது பதினோரு வயதிலிருந்தே தெரியும். அவருக்கு வெகுகாலம் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டவன் நான்.

இப்போது எனக்கு எழுபது வயது. பாரிசின் லா ஷப்பல் பகுதியில், ரயில் பாதையைப் பார்த்த ஒரு மூன்றாம் மாடியில் தனியாக இருக்கிறேன். முப்பது வருடங்களுக்கு மேல் பள்ளிகளில் உயிரியல் கற்பித்தவன். ஒரு பாடத்தை மட்டும் ஒவ்வோர் ஆண்டும் ஏதாவது சாக்குச் சொல்லித் தாண்டிப் போயிருக்கிறேன். அது எந்தப் பாடம் என்பது போகப் போகத் தெரியும்.

அப்பா பாண்டிச்சேரியில் பிரெஞ்சு அரசாங்க எழுத்தராக இருந்து பாரிசுக்கு மாற்றலாகி வந்தவர். ஓர் ஆகஸ்ட் மாதம், பிரான்சின் தெற்கே துலோனுக்குப் பக்கத்தில் கடற்கரையோரமாக இருந்த அவருடைய அலுவலகத்து விடுமுறை இல்லத்தில் எங்களுக்கு இடம் கிடைத்தது. அப்பாவுக்கு உடனே விடுப்பு கிடைக்கவில்லை. அம்மா, நான், பிறந்து இரண்டு மாதமான தங்கை, அம்மாவின் தம்பியான மாமா என்று நான்கு பேரையும் ரயிலேற்றிவிட்டு, பத்து நாளில் வந்துவிடுவதாகச் சொன்னார்.

மாமாவுக்கு அப்போது இருபத்துநான்கு வயது. காரைக்காலில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர். பாரிசில் பேருந்து ஓட்ட வேண்டும் என்பதற்காகவே வந்திருந்தார். ஓட்டிக் காட்டும் தேர்வில் தேறியாகிவிட்டது. செப்டம்பரில் மருத்துவப் பரிசோதனை மட்டும் பாக்கி. சாலைப் பலகைகளைப் படிக்கிற அளவுக்குப் பிரெஞ்சு தெரியும். மற்றதற்கெல்லாம் நான்தான் அவருக்கு வாய்.

எனக்கு அவரைப் பார்த்தால் வெட்கமாக இருக்கும். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு மணலில் நடப்பார். கடற்கரை முழுக்கக் கேட்கும்படி "மாப்ள! ஏ மாப்ள!" என்று என்னைக் கூப்பிடுவார். சாப்பாட்டுக் கூடத்துக்கு எலுமிச்சை ஊறுகாய்ப் புட்டியைக் கையிலேயே கொண்டுவந்து, பக்கத்து மேசைக்காரர்களுக்கும் நீட்டுவார். பக்கத்து அறையில் லியோனிலிருந்து வந்த என் வயதுப் பையன் ஒருவன் இருந்தான். அந்தக் கோடையில் எனக்குக் கிடைத்த ஒரே சிநேகிதன். மாமா நடப்பதைப் போலவே அவன் நடந்து காட்டுவான். நானும் சிரிப்பேன்.

அந்த மீனை முதலில் பார்த்தது நாங்கள் இருவரும்தான். பாறைகளுக்கு இடையில், முழங்கால் அளவுத் தண்ணீரில், மணலுக்குள் பாதி புதைந்து கிடந்தது. தோசைக்கல் போல வட்டமான உடம்பு. பழுப்பு நிறத்தில் திட்டுத் திட்டாக மேகம் கட்டினாற்போல் தோல். குச்சியால் மணலைத் தள்ளியபோது இரண்டு சிறு கண்கள் எங்களைப் பார்த்தன. அது ஓடக்கூட இல்லை.

விடுமுறை இல்லத்து அலமாரியில் மத்தியதரைக் கடல் மீன்களைப் பற்றிய படப் புத்தகம் ஒன்று இருந்தது. இரண்டு நாள் அதோடு உட்கார்ந்தோம். திருக்கை என்று முதலில் நினைத்தோம். ஆனால் திருக்கைக்கு உடம்பு பட்டம் போலக் கூராக இருந்தது, வால் மெல்லிசாக இருந்தது. எங்கள் மீனின் வாலோ குட்டை, தடி. அதன்மேல் இரண்டு சிறு துடுப்புகள், முனையில் விசிறி போல ஒன்று. மறுபடி போய் எண்ணிவிட்டு வந்தோம். கடைசியில் பக்கம் கிடைத்தது. தொர்ப்பீய் என்று பிரெஞ்சில் பெயர். தொட்டவனை மின்சாரத்தால் தாக்கும், பெரிதாக இருந்தால் ஆளையே வீழ்த்தும் என்று போட்டிருந்தது.

எனக்கு அப்போதிருந்த பெருமையை இன்றும் நினைவில் வைத்திருக்கிறேன். யாருக்கும் சொல்வதில்லை என்று சத்தியம் செய்துகொண்டோம். மரக்குச்சியால் குத்திப் பார்த்தோம், ஒன்றும் நடக்கவில்லை. புத்தகம் சொல்வது உண்மையா என்று பார்க்க ஓர் ஆள் வேண்டியிருந்தது.

மாமாவும் அந்த வாரம் முழுக்க ஒரு மீனைத்தான் தேடிக்கொண்டிருந்தார். காலையில் துறைமுகத்துச் சந்தைக்கு என்னை இழுத்துக்கொண்டு போவார். அங்கே திருக்கை இருந்தது, ஆனால் தோலை உரித்து, தலையும் வாலும் எடுத்து, வெள்ளைச் சதையாக அடுக்கியிருந்தார்கள்.

"முழுசாக் காட்டச் சொல்லு."

"அப்படித்தான் விப்பாங்களாம் மாமா."

"தலையில்ல, தோலில்ல. இவ திருக்கைன்னு சொல்லிட்டா அது திருக்கையாடா? கண்ணைப் பாக்காம மீன் வாங்கச் சொல்றியா?"

மாமா என்ன சொல்கிறார் என்று மீன்காரி கேட்டாள். அவருக்குப் பைத்தியம் என்று சொன்னேன். அவள் சிரித்தாள். மாமாவும், தன்னிடம் பிரியமாக ஏதோ சொல்கிறாள் என்று நினைத்துச் சிரித்தார். எதற்கு இந்தத் திருக்கைப் பைத்தியம் என்று கேட்டால், "பெரியவங்க விஷயம், பேசாம வா" என்றார். வாய்ருசிக்கு அலைகிறார் என்று முடிவு செய்துகொண்டேன்.

அடுத்த நாள் மத்தியானம் அவரே அந்தப் பாறைகளுக்கு வந்து சேர்ந்தார். நாங்கள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டார்.

"அடேயப்பா! மாப்ள, தெரு மேயறன்னு நெனச்சா, நீ திருக்கையையே கண்டுபிடிச்சு வச்சிருக்க!"

லியோன் பையன் என் விலாவில் இடித்தான். மாமா கைலியை இறுக்கிக் கட்டினார். கவைக் குச்சி ஒன்றைத் தேடி எடுத்தார்.

"வால்லதான் முள்ளு இருக்கும். வாலை அமுக்கிட்டா அப்பறம் பூனைக்குட்டிதான். உன் புத்தகத்துல என்னடா போட்டிருக்கு?"

அவர் கேட்டார். இதைத்தான் நான் எழுதியாக வேண்டும். அவராகப் போய் மாட்டிக்கொள்ளவில்லை. படித்த பையன் என்று என்னிடம் கேட்டார்.

"வாலைத் தொடாதீங்க மாமா. உடம்பைப் பிடிங்க, ஒண்ணும் செய்யாது" என்றேன்.

குச்சியால் வாலை மண்ணோடு அழுத்தி, அதைக் காலால் மிதித்துக்கொண்டு, இரண்டு கைகளாலும் உடம்பை வாரிப் பிடித்தார். ஒரு சத்தம் வந்தது. மனிதக் குரல் போலவே இல்லை. முதுகு வில்லாக வளைந்தது. பின்னால் சாய்ந்து பாறையில் தலை இடித்து, தண்ணீருக்குள் போனார். கைகால்கள் வெட்டி இழுத்தன. லியோன் பையன் ஓடிவிட்டான். நான் நின்றேன். கரையிலிருந்து இரண்டு ஆட்கள் ஓடிவந்து தூக்கினார்கள். வாயிலிருந்து கடல் தண்ணீர் நுரைத்துக்கொண்டு வந்தது. மீன் எப்போது போயிற்று என்று யாரும் பார்க்கவில்லை.

அம்மா குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடிவந்தாள். நுரையைத்தான் முதலில் பார்த்தாள். "ஐயோ, எங்க பெரியப்பாவுக்கு வந்தது இவனுக்கும் வந்துடுச்சே" என்று அழுதாள்.

டாக்டர் வந்தார். தலைக் காயத்துக்குத் தையல் போட்டார். நான் நடுவில் நின்று மொழிபெயர்த்தேன்.

"சொல்லு மாப்ள. மீனைத் தொட்டதும் தோள்பட்டை வரைக்கும் இடி எறங்கினாப்ல இருந்துச்சுன்னு சொல்லு. அந்த மீன்தான் என்னமோ பண்ணிடுச்சு."

தலை சுற்றியது, அப்புறம் எதுவும் நினைவில்லை என்கிறார் என்று டாக்டரிடம் சொன்னேன். குடும்பத்தில் யாருக்காவது வலிப்பு உண்டா என்று டாக்டர் கேட்டார். அம்மாவிடம் கேட்டு, பெரியப்பாவைப் பற்றி அவள் சொன்னதை மட்டும் ஒரு சொல் விடாமல் சொன்னேன். டாக்டர் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டார்.

அன்று மாலையே புத்தகத்திலிருந்து அந்தப் பக்கத்தைக் கிழித்தேன். அப்பா வந்து, அது என்ன மீன் என்று கேட்டபோது, "சாதாரணத் திருக்கைதான்ப்பா, நான் பார்த்தேன்" என்றேன். அவர் புத்தகத்தை எடுத்துத் திருக்கைப் படத்தை மாமாவிடம் காட்டினார். "இது இல்ல அத்தான், அது உருண்டையா இருந்துச்சு" என்றார் மாமா. "டாக்டரே எழுதிக் குடுத்தப்பறம் மீன்மேல ஏன்டா பழி போடற" என்று அப்பா சிரித்தார். மாமாவும் கொஞ்சம் சிரித்தார். அதற்குப் பிறகு அவர் அந்த மீனைப் பற்றிப் பேசவில்லை.

அந்தத் தாள் அவரோடு பாரிசுக்கு வந்தது. நேர்மையான மனிதர், பரிசோதனையில் தானாகவே எடுத்துக் காட்டினார். பேருந்து வேலை போயிற்று. லாரி, கார் எதையும் தொடக்கூடாது என்றார்கள். ஓர் அலுவலகத்துச் சமையற்கூடத்தில் தட்டு கழுவப் போனார், ஓய்வு பெறும்வரை அங்கேயே கழுவினார். பல வருடம் மாத்திரை சாப்பிட்டார். மாத்திரை சாப்பிட்ட முகம் எப்போதும் பாதித் தூக்கத்தில் இருக்கும். காரைக்காலில் இரண்டு இடத்தில் பெண் பேசி, விஷயம் தெரிந்து, இரண்டும் நின்றுபோயின. மூன்றாவதாகப் பேச அவரே விடவில்லை.

அந்த விடுமுறையில் நடந்த இன்னொன்றும் நினைவிருக்கிறது. அதுவரை தங்கையை எந்நேரமும் தோளில் போட்டுக்கொண்டு திரிந்தவர் அவர்தான். விழுந்த மறுநாள் அம்மா, "கொஞ்சம் பாப்பாவைப் பிடிடா" என்று நீட்டினாள். மாமா ஓரடி பின்னால் போனார். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. என்னைப் போலவே அவருக்கும் அந்தக் குழந்தையைப் பிடிக்காமல் போய்விட்டது என்று நினைத்தேன்.

ஏன் பிறகும் சொல்லவில்லை? முதலில் அப்பாவின் அடிக்குப் பயந்தேன். பிறகு, இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்ற கேள்விக்குப் பயந்தேன். அதற்குப் பிறகு எனக்கு எந்தப் பயமும் இல்லை, சொல்லாமல் இருப்பது வழக்கமாகிவிட்டது. மின்சார மீன்களை மட்டும் தாண்டிவிட்டு மற்ற மீன்களைப் பற்றிப் பாடம் எடுத்துக்கொண்டு, அதற்குச் சம்பளமும் வாங்கிக்கொண்டிருந்தேன்.

போன வருடம், எங்கள் தெருவிலுள்ள மீன்கடையில் நின்றுகொண்டிருந்தேன். கடைக்காரர் யாழ்ப்பாணத்தவர். முன்னால் நின்ற அம்மாள் ஒரு திருக்கையைக் காட்டினார்.

"அண்ணை, அதை வெட்டாமல் முழுசாக் காட்டுங்கோ. மகள் பிள்ளை பெத்திருக்கிறாள். பால் காணாதாம்."

"ஓம் அக்கா, இஞ்சை பாருங்கோ. கண்ணைப் பாருங்கோ, உங்களைத்தான் பாக்குது."

"என்னைப் பாத்து என்ன? சமைக்கப்போறது மருமகன். அவரைப் பாக்கச் சொல்லுங்கோ."

கடையில் எல்லோரும் சிரித்தார்கள். நான் வாங்க வந்ததை வாங்காமல் வெளியே வந்துவிட்டேன். அம்மாவுக்கு அந்தக் கோடையில் பால் இல்லை. அவள் அழுவதையும், பால்பொடிப் புட்டியைத் தள்ளிவிடுவதையும் நான் பார்த்திருந்தேன். பெரியவர்கள் விஷயம். பதினோரு வயதுப் பையனிடம் ஒரு தாய்மாமன் அதை எப்படிச் சொல்வான்? பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்கக் கொடுக்கிற மீனை முழுதாகக் கண்ணால் பார்க்காமல் எப்படி வாங்குவான்?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, கார் து நோர் நிலையத்தில் ரயிலேறி சென் தெனிக்குப் போனேன். மாமா அங்கே முதியோர் இல்லத்தில் இருக்கிறார். எண்பத்துமூன்று வயது. கிழித்த பக்கத்தை இத்தனை வருடமும் எறியாமல் வைத்திருந்தேன். அதை அவர் மடியில் விரித்தேன். எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். மீன்காரியிடம் அவரைப் பைத்தியம் என்று சொன்னதைக்கூடச் சொன்னேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டுவார் என்று நம்பித்தான் போயிருந்தேன். விரலால் படத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வால் குட்டையா இருக்கு பாரு. நான் கவனிச்சிருக்கணும்."

"மாமா, நான்தான் பொய் சொன்னேன்."

"சரிடா."

பிறகு, ஏதோ சந்தேகம் கேட்பது போல மெதுவாகக் கேட்டார்.

"அப்ப, பாப்பாவை நான் தூக்கியிருக்கலாம். இல்ல?"

அன்றிரவு தங்கைக்குத் தொலைபேசியில் சொன்னேன். அவளுக்கு ஐம்பத்தெட்டு வயதாகிறது. இதை ஏன் இப்போது சொல்கிறாய் என்று பிரெஞ்சில் கேட்டாள். மாமாவின் இல்லத்து மருத்துவருக்குக் கடிதம் எழுதினேன். உங்கள் மாமாவின் கோப்பில் வலிப்பு என்று எங்கும் இல்லையே என்று பதில் வந்தது. அந்தத் தாள் எப்போதோ தொலைந்துபோயிருக்கிறது.

இரண்டு வாரம் கழித்துத் தங்கை தன் பேரனைத் தூக்கிக்கொண்டு இல்லத்துக்கு வந்தாள். நான்கு மாதக் குழந்தை. நானும் போனேன். என்னோடு அவள் பேசவில்லை. மாமா நாற்காலியிலிருந்து எழுந்து நின்று, குழந்தையின் முகத்துக்கு மிக அருகில் குனிந்து பார்த்தார். அது அவர் மூக்குக் கண்ணாடியைப் பிடிக்கப் பார்த்தது. அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

"மாமா, உக்காந்துக்கிட்டே பிடிங்க. நான் பக்கத்துலயே இருக்கேன். உங்களுக்கு ஒண்ணுமில்ல, அண்ணன் சொன்னானே" என்று தங்கை குழந்தையை நீட்டினாள்.

"தெரியும் பாப்பா. எனக்கு ஒண்ணுமில்ல" என்றார் மாமா. ஓரடி பின்னால் போனார். கைகள் இரண்டும் முதுகுக்குப் பின்னால் போய் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன.