மாமா ஏற்றிய சூடம்

எங்கள் வீட்டில் எல்லாருக்கும் எல்லாம் தெரியும். மாமாவுக்கு மட்டும் எதுவும் தெரியாது. மழை வருமா என்றால் "வரலாம்" என்பார். சாமி இருக்குதா என்று ஒருநாள் கேட்டேன். "இருந்தா நல்லதுதான்" என்று சொல்லி, உரித்த மல்லாட்டைக் கடலையை வாயில் போட்டுக்கொண்டார்.

அவர் அம்மாவின் தம்பி. கல்யாணம் ஆகாதவர், எங்களோடுதான் இருந்தார். விருத்தாசலத்தில் வீட்டுக்குப் பின்னால் அப்பா சின்னதாக ஒரு சூளை கட்டியிருந்தார். அப்பா பீங்கான் பொம்மைகளை அச்சில் வார்ப்பார். மாமா முந்திரி விறகைப் போட்டு நெருப்பைப் பார்த்துக்கொள்வார். நெருப்பு மூட்டும் முன் சூளை வாசலில் சூடம் ஏற்றுவதும் அவர்தான். நெருப்பு போடுகிறவன் ஏற்றுவது வழக்கம், அதனால் ஏற்றினார்.

நான் நாலாவது படித்த வருஷம், கொலுவுக்கு விற்க வேண்டிய பொம்மைகள் அத்தனையும் ஒரே சூளையில் வெந்தன. சரக்கெடுக்க மங்கலம்பேட்டை பாய் சனிக்கிழமை வண்டியோடு வருவதாகச் சொல்லியிருந்தார். அந்தச் சரக்கு போனால்தான் தை மாதம் அக்காவுக்குக் கல்யாணம்.

நெருப்பு அணைந்த பிறகு சூளை தானாக ஆற வேண்டும். அதுதான் கொடுமை. உள்ளே என்ன ஆனதோ, யாருக்குத் தெரியும்? அப்பா சூளையைச் சுற்றிச் சுற்றி வந்தார். அம்மா கவனிக்காமல் பாலைப் பொங்கவிட்டாள். அக்கா கையில் சீப்பை வைத்துக்கொண்டே சீப்பைத் தேடினாள். ரயில் ஜங்ஷனில் கரி வண்டி கூவினால்கூட எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாமா சூளை ஓரத்தில் துண்டை விரித்துக் குறட்டை விட்டார். நான் எழுப்பினேன்.

"ஒனக்கு பயமா இல்லியா மாமா?"

"ஒடஞ்சிருந்தா தொறந்தப்புறம் அழுவலாம். நீ போயி ஒரு டீ வாங்கியா."

அப்பா பஸ் பிடித்து ஸ்ரீமுஷ்ணம் போய் ஜோசியரைப் பார்த்துவிட்டு வந்தார். வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்குள் திறந்தால் ஒரு குறையும் வராது என்று அவர் அடித்துச் சொன்னாராம். அது தாண்டினால் திங்கள் வரை சூளையைத் தொடக்கூடாதாம்.

வெள்ளி காலையில், செங்கல் வைத்துச் சேறு பூசி அடைத்திருந்த சூளை வாசலில் மாமா கையை வைத்துப் பார்த்தார்.

"இன்னும் சூடு இருக்குது மச்சான். வெளிக்காத்து பட்டா பொம்ம வெடிச்சாலும் வெடிக்கும்."

"வெடிக்குமா, வெடிக்காதா? ஒண்ணு சொல்லு மாப்ள."

"தெரியல மச்சான். வெடிக்காமலும் போவலாம்."

"இவனுக்கு வாயத் தொறந்தா லாம், லாம்" என்றார் அப்பா.

நான் மாமாவை விறகுக் குவியலுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனேன். "வெடிக்கும்னு சொல்லிடு மாமா. அப்பா கேட்டுக்குவாரு."

"தெரியாதத தெரியும்னு எப்படிடா சொல்றது?"

அதற்குள் அப்பா கடப்பாரையை எடுத்துவிட்டார்.

மேல் செங்கல் விழுந்ததும் அனல் முகத்தில் அடித்தது. கொஞ்ச நேரம் ஒன்றும் ஆகவில்லை. அப்பா மாமாவைப் பார்த்துச் சிரித்தார். பிறகு உள்ளே கிணுங் என்று ஒரு சத்தம். இன்னொன்று. அப்புறம் விடாமல், யாரோ கொலுசு போட்டு நடப்பது போல. கேட்க நன்றாகத்தான் இருந்தது. அக்கா காதைப் பொத்திக்கொண்டாள்.

பாதிக்கு மேல் போய்விட்டது. கல்யாணம் அடுத்த வருஷம்தான் என்றானது. அப்பா தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். பிறகு அவருக்குக் காரணம் கிடைத்தது. நல்ல நேரத்தில் திறந்ததால்தான் இவ்வளவாவது தேறியது. உடைந்ததெல்லாம் நம்பிக்கை இல்லாத கை ஏற்றிய சூடத்தால்.

அம்மா மாமாவிடம் கெஞ்சினாள். "தம்பி, இன்னொரு சூடத்த ஏத்தி, எம்மேலதான் தப்புன்னு வுழுந்து கும்புட்டுடு. மச்சான் மறந்துடுவாரு."

"சூடம் எத்தன வேணும்னாலும் ஏத்துறேன்க்கா. அதனாலதான் ஒடஞ்சிதுன்னு மட்டும் சொல்லச் சொல்லாத."

"அப்ப எதனாலடா ஒடஞ்சிது?" என்று அப்பா எழுந்தார்.

"சூட்டோட தொறந்ததா இருக்கலாம். மண்ணா இருக்கலாம். எனக்கு எப்படித் தெரியும் மச்சான்?"

"அப்ப வேற வூடு பாத்துக்க."

"சரி மச்சான்" என்று மாமா துணிகளைப் பையில் போட்டார்.

ஜங்ஷன் வரை நான் கூடப் போனேன். எனக்கு அழுகை அழுகையாக வந்தது. "அப்பா மேலதான் தப்புன்னு சொல்ல வேண்டியதுதான?" என்றேன்.

"அதுவும் தெரியலியேடா."

"எங்க போற?"

"சேலத்துப் பக்கம் வேல இருக்குதுன்னாங்க. இருக்கலாம்."

வண்டி வந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து, மடியிலிருந்த மல்லாட்டையில் பாதியை என் கையில் கொட்டினார். மீதியை உரித்துத் தின்றுகொண்டே போனார்.

நான் வீட்டுக்கு வந்தபோது அப்பா சாப்பிடாமல் இன்னும் சூளையைச் சுற்றிக்கொண்டிருந்தார். எனக்கு மாமா மேல்தான் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. வேலையும் வீடும் போன மனுஷனுக்கு மல்லாட்டை எப்படி இறங்குகிறது என்று நினைத்து, அவர் கொடுத்ததைச் சாக்கடையில் கொட்டினேன்.