வண்டியை நிறுத்திய தாய்மாமன்

அண்ணன் போன மார்கழி திரும்பி வந்திருக்கிறது. முதலாண்டு நினைவு நாளுக்கு வந்திருக்கும் உங்கள் அனைவரையும் அம்மாவின் சார்பிலும் எங்கள் குடும்பத்தின் சார்பிலும் வணங்குகிறேன்.

இந்த நினைவு மலரில் அண்ணனைப் பற்றி நான்தான் எழுத வேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டார். குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு எழுத உட்கார்ந்தால், எதை எழுதுவது என்பதைவிட எதை எழுதக் கூடாது என்ற கவலைதான் பெரிதாக இருந்தது. காதுகுத்து நாளில் நடந்ததை எழுதலாமா, வேண்டாமா? அம்மாவிடம் கேட்டேன். மனம் ஆறாமல் சித்தப்பாவிடமும் கேட்டேன். "எழுதும்மா. என் பேரு கெட்டாலும் பரவால்ல, எழுது" என்றார். அதனால் எழுதுகிறேன். பிழை இருந்தால் பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அண்ணன் வாலாஜாபாத்தை அடுத்த நம் ஊரில் பிறந்தார். அப்பா அரிசி ஆலையில் மூட்டை தூக்கினார். அம்மா அதே ஆலையின் களத்தில் நெல் காயவைத்தார். எங்கள் பாட்டன் காலம்வரை பிறர் நிலத்தில் உழைத்த குடும்பம். அண்ணன் பத்தாம் வகுப்பில் இருந்தபோது அப்பா மஞ்சள்காமாலையில் காலமானார். அதன் பிறகு எங்கள் இருவரையும் தம் பிள்ளைகளாகப் பார்த்துக்கொண்டவர் சித்தப்பா. காவலர் தேர்வுக்காக அண்ணன் பாலாற்று மணலில் ஓடிப் பழகியபோது, சைக்கிளில் கூடவே வந்து விரட்டுவார். "ஓடுறா, பின்னால நாய் வருது" என்று அவர் கத்துவதைக் கேட்டு ஆற்றோரத்தில் துணி துவைப்பவர்கள் சிரிப்பார்களாம். வேலை கிடைத்த அன்று அண்ணன் முதலில் விழுந்து வணங்கியது சித்தப்பாவைத்தான்.

சில ஆண்டுகளுக்குப் பிறகு அண்ணனை நெடுஞ்சாலை ரோந்துப் பணிக்கு மாற்றினார்கள். பிள்ளையார்பாளையத்தில் வாடகைக்கு வீடு எடுத்து அம்மாவை அழைத்துக்கொண்டார். விடிய விடியச் சாலையில் நின்றுவிட்டு வந்து பகலில் தூங்குவார். சுற்றிலும் தறி வீடுகள். அடுத்த வீட்டு நெசவாளர், "ஏட்டய்யா, எங்க தறிக்கு ஹாரன் கெடையாது. நிம்மதியா தூங்குங்க" என்று கேலி செய்வார். எனக்குத் திருமணம் முடித்த பிறகே தமக்குப் பெண் பார்க்கச் சம்மதித்தார். பார்த்துக்கொண்டிருந்தோம்.

ரோந்து வண்டியில் எப்போதும் ஒரு தண்ணீர்க் கேன் இருக்கும். விடியற்காலையில் தள்ளாடி வரும் லாரிகளை ஓரம்கட்டச் சொல்லி, ஓட்டுநரை இறக்கி முகம் கழுவ வைப்பார். புரட்டாசியில் திருப்பதிக்கு நடந்து போகிறவர்களின் தோள்பையில் வெளிச்சம் பட்டால் மின்னும் பட்டையை ஒட்டிவிடுவார். கரும்பு ஏற்றிய டிராக்டரின் பின்பக்கத்திலும் ஒட்டுவார். பள்ளிகளுக்குப் போய்த் தலைக்கவசம் பற்றிப் பேசுவார். பேச்சு அவருக்கு அவ்வளவாக வராது. தம் தலைக்கவசத்தைப் பிள்ளைகளிடம் கொடுத்து, "போட்டுப் பாருங்க, நாத்தம் அடிக்குதா?" என்று கேட்டுவிட்டு அவரும் சிரிப்பாராம்.

அவர் வேலை செய்வதை நான் ஒருமுறை நேரில் பார்த்திருக்கிறேன். அப்போது நான் கருவுற்றிருந்தேன். கூரம் பக்கத்தில் நான் வந்த பேருந்து நெரிசலில் நின்றுவிட்டது. முன்னால் ஒருவர் பைக்கோடு விழுந்து கிடந்தார். ரோந்து வண்டியிலிருந்து குதித்த அண்ணன் விழுந்தவர் பக்கம் போகவில்லை. இரண்டு கைகளிலும் ஆரஞ்சு நிறக் கூம்புகளைத் தூக்கிக்கொண்டு, எதிர்த்திசையில், வண்டிகள் வரும் பக்கமாக ஓடினார். பக்கத்தில் இருந்த அம்மாள், "பாரு, அடிபட்டவன வுட்டுட்டு போலீசு எங்கியோ ஓடுறான்" என்றார். எனக்கு முகம் சுண்டிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் அண்ணனிடம் கேட்டேன்.

"அவரப் பாக்க நாலு பேர் இருந்தாங்க பாப்பா. பின்னால வர்ற வண்டிக்கு யாரு இருக்கறாங்க? அதுக்கு ஒண்ணும் தெரியாது, அதே ஸ்பீடுல வந்துக்கினு இருக்கும். மொதல்ல அத நிறுத்தணும். இல்லன்னா தூக்கறவனும் சேந்து போயிடுவான்" என்றார்.

அடிபட்டவரிடம் ஓடுவதற்கு முன் சாலையை நிறுத்துவது அவர்கள் பணியின் முறை. பார்க்கிறவர்களுக்கு அது இரக்கமில்லாத செயலாகத் தெரியும். திட்டு வாங்குவது பழகிவிட்டது என்றார்.

இனி காதுகுத்து நாள்.

சென்ற ஆண்டு ஆவணியில் என் மகள் இனியாவுக்கு மொட்டையடித்துக் காது குத்துவதாக இருந்தது. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் குத்துவது நம் வழக்கம். இனியாவுக்குச் சொந்தத் தாய்மாமன் என்றால் அண்ணன் ஒருவர்தான். காலைப் பணி முடிந்ததும் நேரே குலதெய்வக் கோயிலுக்கு வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தார். என் கணவர் முன்னதாகவே கோயிலுக்குப் போய்விட்டார். ஊர் சனத்தை அழைத்துவரும் பொறுப்பு சித்தப்பாவுடையது. அவர் மகன் குமரன், அரிசி மூட்டை ஏற்றும் குட்டியானை வண்டி வைத்திருக்கிறான். அதில் ஜமுக்காளம் விரித்து, வயதானவர்களுக்கு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, நடுவில் சீர்த்தட்டுகளை வைத்துக்கொண்டு எல்லோரும் ஏறினார்கள். நிச்சயம், வளைகாப்பு, சாவு எதுவானாலும் நம் ஊரில் அப்படித்தான் போவோம். யாருக்கும் அது தப்பாகத் தெரிந்ததில்லை. எனக்கும்தான். நான் குழந்தையோடு முன்னால் குமரன் பக்கத்தில் இருந்தேன். அம்மா பின்னால் இருந்தார்.

நெடுஞ்சாலையில் ஏறிக் கொஞ்ச தூரத்தில் ரோந்து வண்டி நின்றிருந்தது. "நம்ம அண்ணன்தான்கா" என்று குமரன் சந்தோஷமாக ஹாரன் அடித்துக் கையாட்டினான். பின்னால் பிள்ளைகள் "மாமா, மாமா" என்று கத்தினார்கள். அண்ணன் கைகாட்டி வண்டியை ஓரம்கட்டச் சொன்னார்.

"எல்லாரும் எறங்குங்க. ரோட்டுப் பக்கம் வேணாம், இந்தப் பக்கமா எறங்குங்க" என்றார்.

சித்தப்பா சிரித்தார். "இன்னாடா, வெளையாடறியா? முகூர்த்தத்துக்கு நேரமாவுது."

"வெளையாடல சித்தப்பா. மூட்ட ஏத்தற வண்டி இது. பிரேக் போட்டா மூட்ட சரியும், அவ்ளோதான். மனுசன் வெளிய போய் விழுவான்."

"இத்தினி வருசமா வுழாதவன் இன்னிக்குதான் வுழப்போறானா? ரோட்டுல போற வண்டியெல்லாம் வுட்டுட்டு ஒங் கண்ணுக்கு எங்க வண்டிதான் தெரிஞ்சுதா?"

பின்னால் இருந்த அத்தை ஒருவர், "ஏம்பா, ஒங்கம்மாவயும் எறக்கிவுடுவியா?" என்று கேட்டார்.

"அம்மா மொதல்ல எறங்கட்டும் அத்த."

அம்மா இறங்கினார். பிறகு ஒவ்வொருவராக இறங்கினார்கள். பட்டுப்புடவையும் சீர்த்தட்டுமாக நாங்கள் சாலை ஓரத்தில் நின்றோம். போகிற பேருந்துகளிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். சித்தப்பா மட்டும் இறங்காமல் வண்டியின் மேலேயே நின்றார்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லு. நீ தாய்மாமனா, போலீசா?"

"தாய்மாமன்தான் சித்தப்பா. எம் மருமவ இந்த வண்டியில வர்றா. அதான் நிறுத்தினேன்" என்றார் அண்ணன்.

குமரன் மீது வழக்கும் எழுதினார். குமரன் கண்கலங்கி நின்றதை நான் பார்த்தேன். பிறகு அவ்வழியே வந்த பேருந்தை நிறுத்தி எங்களை ஏற்றினார். இடம் போதாமல் பாதிப் பேர் அடுத்த பேருந்தில் வந்தார்கள். கோயிலை அடைவதற்குள் நல்ல நேரம் தாண்டிவிட்டது. "மொட்ட மட்டும் அடிங்கம்மா. காது இன்னொரு நாள் பாத்துக்கலாம்" என்றார் பூசாரி. பொங்கல் வைத்து முடித்த பிறகு, அண்ணன் சீருடையோடு வந்தார். தாய்மாமன் சீராக வாங்கிய சின்னத் தோடு அவர் சட்டைப்பையில் இருந்தது.

சித்தப்பா எல்லோர் முன்னாலும் சொன்னார். "ஒன்ன எம் பையனா வளத்தேன். நடு ரோட்டுல நிக்க வெச்சிட்ட. இனிமே ஒம் மடியில இந்தக் கொழந்தைக்குக் காது குத்துனா, நான் அந்த எடத்துக்கே வரமாட்டேன்."

அண்ணன் தோட்டுப் பெட்டியை என் கையில் கொடுத்தார். "வெச்சிரு பாப்பா. தையில குத்திக்கலாம். சித்தப்பாவ நானே கூப்டுக்கினு வரேன்" என்றார்.

தீபாவளிக்கு இனிப்போடு சித்தப்பா வீட்டுக்குப் போனார். சித்தப்பா உள்ளே இருந்துகொண்டே வெளியே வரவில்லை. கார்த்திகை தீபத்துக்கும் போனார். அப்போதும் அப்படித்தான். "கோவம் தீரட்டும். இன்னும் தைக்கு நாளு இருக்குது" என்று அம்மாவிடம் சொன்னார்.

மார்கழியில், பனி கெட்டியாக இறங்கிய ஒரு விடியற்காலையில், நெடுஞ்சாலையின் நடுவே ஒரு லாரி அச்சு முறிந்து நின்றுவிட்டது. அதன் ஓட்டுநரும் உதவியாளும் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரோந்து வண்டி அங்கே போனது. ஓட்டிச் சென்றவர் காவலர் சேவியர். அவர் சிவப்பு விளக்கைப் போட்டுவிட்டு லாரியின் பக்கம் ஓடினார். அண்ணன் கூம்புகளை எடுத்துக்கொண்டு பின்பக்கமாகப் பனிக்குள் நடந்தார். வைத்துக்கொண்டே போய், கடைசிக் கூம்பை வைக்கக் குனிந்தபோது கார் வந்தது. அண்ணன் மீது மோதிய பிறகுதான் காரை ஓட்டியவர் பிரேக்கை அழுத்தினார். வரிசையாக இருந்த கூம்புகளை இடித்துத் தள்ளிக்கொண்டு வந்து, லாரியைத் தொடாமல் கார் நின்றது.

ஆம்புலன்சில் அண்ணனுக்கு நினைவு இருந்தது. "அடியில இருந்தவங்க?" என்று கேட்டாராம். "வெளிய வந்துட்டாங்க சார், ரெண்டு பேரும் நல்லா இருக்கறாங்க" என்று சேவியர் சொன்னார். அதன் பிறகு அண்ணன் பேசவில்லை. காஞ்சிபுரத்திலிருந்து சென்னைக்குக் கொண்டுபோனோம். கண் திறப்பார் என்று அம்மா படுக்கைப் பக்கத்திலேயே நின்றார். சித்தப்பா வந்து மருத்துவமனை வாசலில் உட்கார்ந்தவர், உள்ளே வந்து பார்க்கும் துணிவில்லாமல் அங்கேயே இருந்தார். தை பிறக்கும் முன்னரே அண்ணன் போய்விட்டார்.

காரியத்தன்று நடந்ததையும் எழுத வேண்டும். உங்களில் பலர் அப்போது இருந்தீர்கள். ஊரிலிருந்து சனம் வந்தது. குமரனின் வண்டியில், பின்னால் ஜமுக்காளம் விரித்து, நெருக்கிக்கொண்டு நின்றபடி வந்தார்கள். யாரும் யோசித்துச் செய்யவில்லை. சாவுக்கு எப்போதும் வருவதுபோல வந்துவிட்டார்கள். வண்டி தெருவுக்குள் நுழைந்தபோது பேச்சு நின்றது. அன்று தெருவில் தறிகளும் ஓடவில்லை. அம்மா எழுந்து வெளியே போனார். வண்டியின் பின்கதவுக் கொக்கியைத் தாமே கழற்றினார். ஒவ்வொருவராகக் கைபிடித்து இறக்கினார். கடைசியாகச் சித்தப்பா இறங்கினார். அவர் கையை மட்டும் அம்மா விடவில்லை.

"வந்தது வந்துட்டீங்க. போறப்போ பஸ்ல போங்க. அவன் இருந்தா எறக்கிவுட்டிருப்பான். இப்ப எறக்கிவுட ஆள் இல்ல" என்றார்.

சித்தப்பா தெருவிலேயே உட்கார்ந்து அழுதார். அன்று மாலை குமரன் வெறும் வண்டியை ஓட்டிக்கொண்டு ஊருக்குப் போனான்.

இந்த ஓராண்டு, வீட்டில் எந்த நல்ல காரியமும் செய்யவில்லை. இனியா நடக்கிறாள், பேசுகிறாள். முடி வளர்ந்துவிட்டது. காது மட்டும் இன்னும் குத்தவில்லை. பார்க்கிறவர்கள் எல்லோரும் ஏன் என்று கேட்கிறார்கள். நின்றுபோன காரியத்தால்தான் இப்படி ஆகிவிட்டது என்று சொன்னவர்களும் உண்டு. அதைக் கேட்ட நாட்களில் நான் தூங்கவில்லை. அந்த வண்டி அன்று நிற்காமல் போயிருந்தால் என் குழந்தைக்கு என்ன ஆகியிருக்கும் என்பதும் எனக்குத் தெரியாது. அண்ணனுக்குத் தெரிந்திருந்தது என்று இப்போது நினைக்கிறேன். ஒவ்வொரு வாரமும் அதைச் சாலையில் பார்த்தவர் அவர்.

சென்ற மாதம் குமரன் வீட்டுக்கு வந்தான். இனியாவைப் பார்த்துக்கொண்டே கேட்டான். "அக்கா, அண்ணனுக்கு அடுத்து மொறைக்கு நாந்தான். எம் மடியில வெச்சுக் குத்தலாமா? ஆனா அன்னிக்கு வண்டி ஓட்டிக்கினு வந்ததும் நாந்தான்."

சமையலறையிலிருந்து அம்மா சொன்னார். "பஸ்ல வர்றதா இருந்தா வெக்கலாம்."

தையில் காது குத்துகிறோம். தோடு அண்ணன் வாங்கியதுதான். சித்தப்பா வருகிறார்.

அண்ணனைச் சாலையிலிருந்து தூக்கிய ஆம்புலன்ஸ் ஊழியர்களுக்கும், இரண்டு மருத்துவமனைகளிலும் அவருக்காகப் பாடுபட்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், இரத்தம் கொடுத்த அண்ணனின் சக காவலர்களுக்கும், இன்றுவரை வாரந்தோறும் வந்து அம்மாவைப் பார்க்கும் சேவியருக்கும், தறியை நிறுத்திவிட்டு எங்களோடு இருந்த பிள்ளையார்பாளையத்துத் தெருவினருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. தம் பெயரை எழுத வேண்டாம் என்று சொன்ன அந்த லாரி ஓட்டுநருக்கும் நன்றி. அவர் இந்த வழியாக லோடு ஏற்றிப் போகும்போதெல்லாம் வந்து அண்ணன் படத்தின் முன் சற்று நேரம் நிற்கிறார்.

இந்த மலரைக் கையில் வைத்திருக்கும் ஊர் உறவினர்களுக்கு ஒரு வார்த்தை. சாப்பிட்டு முடித்ததும், உங்களை ஊரில் கொண்டுவிட வாசலில் பேருந்து நிற்கும். எல்லோருக்கும் உட்கார இடம் இல்லாவிட்டால் அது திரும்பவும் வரும். அதுவரை காத்திருங்கள்.