ஓய்வில் நின்ற கார்

இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு நவம்பர் முதல் அடுத்த மார்ச் வரை, பெற்றோலாலும் மின்சாரத்தாலும் ஓடும் எங்களுடைய ஹைபிரிட் கார் கோலியர்ஸ் வுட் வீட்டின் முன்முற்றத்தில், திறந்த வெளியில், அசையாமல் நின்றது. அதற்கு நான் வெளியே சொன்ன காரணம் ஒன்று. உண்மைக் காரணம் வேறு. உண்மையை முதலிலேயே எழுதிவிடுவது முறை. எனக்கு இரண்டு கண்களிலும் புரை படர்ந்திருந்தது. சத்திரசிகிச்சை முடியும் வரை வாகனம் ஓட்டக்கூடாது என்று கண் வைத்தியர் கூறிவிட்டார். என் முறை வர மார்ச் ஆகும் என்றார்கள்.

இதை என் மனைவியைத் தவிர எவருக்கும் நான் தெரிவிக்கவில்லை. முந்திய ஆண்டு, என் வயதையொத்த நண்பர் ஒருவர் கார் ஓட்டுவதை நிறுத்தினார். அப்போது நான் கோயில் மண்டபத்தில், பலர் முன்னிலையில், கார்த் திறப்பை, அதாவது சாவியை, ஒப்படைத்தவர் கதிரையையும் ஒப்படைக்க வேண்டியதுதான் என்று கூறியிருந்தேன். கதிரை என்று நான் குறிப்பிட்டது வெறும் நாற்காலியை அல்ல, அவர் வகித்த பழைய மாணவர் சங்கத் தலைவர் பதவியை. அவர் ஒப்படைத்தார். அந்தப் பதவிக்கு என்னைத் தெரிவு செய்தார்கள்.

ஆகவே, வெள்ளிக்கிழமைப் பூசைக்கு நான் பஸ்ஸில் போய் இறங்கியதைக் கண்டு ஒருவர் விசாரித்தபோது, எனக்குப் பதில் ஒன்று தேவைப்பட்டது. அவர் எங்கள் தெருவின் மறுகோடியில் குடியிருந்தவர். என்னிலும் இருபது வயது இளையவர். தோர்ண்டன் ஹீத்தில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். ஹைபிரிட் காரின் சிறப்புகளைச் சங்கக் கூட்டத்தில் நான் முக்கால் மணி நேரம் விளக்கியதைக் கேட்டு, அதே காரை வாங்கியவர்.

"என்ன ஐயா, பஸ்ஸிலை வாறியள்? கார் எங்கை?"

"வீட்டிலை நிக்குது தம்பி. ஹைபிரிட்டைக் கடுங்குளிரிலை ஓடக்கூடாது. பெரிய பாட்டரி பழுதாப்போகும். மார்ச் மட்டும் ஓய்வு குடுக்கவேணும்."

நான் பொறியியல் கற்றவன். கற்றது நீர்ப்பாசனம், இலங்கையில் குளக்கட்டுகளோடு காலம் கழித்தவன். பாட்டரியைப் பற்றி எனக்கும் அவருக்கும் இருந்த அறிவு ஏறத்தாழ ஒன்றுதான். ஆயினும் அவர் மறுபேச்சின்றித் தலையசைத்தார்.

திங்கட்கிழமை காலை அவருடைய கார் நீலத் தறப்பாளால் மூடப்பட்டு, நான்கு மூலையிலும் கயிற்றால் கட்டப்பட்டிருந்தது. அவர் பஸ் தரிப்பிடத்தில் நின்றார்.

"நீங்கள் சொன்னபடி மூடிக் கட்டிப்போட்டன் ஐயா. கடைக்கு ரெண்டு பஸ் மாறவேணும். பரவாயில்லை."

உண்மையைச் சொல்வதற்கு அது தகுந்த தருணம். பஸ் வந்துவிட்டது.

அதன் பின்னரே காரோடு தந்த கைந்நூலை எடுத்து, உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்து வாசித்தேன். பெரிய பாட்டரிக்குக் குளிரினால் கேடில்லை. காரை எழுப்புகின்ற சிறிய பாட்டரிதான் நெடுநாள் நின்றால் இறங்கிவிடும். அதற்காகக் காரை இடையிடையே இயக்கி வைத்திருக்க வேண்டும். ஆகவே ஞாயிறுதோறும் கோட்டும் கழுத்துப்பட்டியும் அணிந்து காருக்குள் ஏறி, பொத்தானை அழுத்தி, அரை மணி நேரம் நேரே பார்த்தபடி அமர்ந்திருந்தேன். அந்தக் கார் பெரும்பாலும் ஓசையின்றியே இயங்கும். தெருவில் போகிறவர்களுக்கு நான் புறப்படப் போகின்றேனா, வந்து சேர்ந்துவிட்டேனா என்பது தெரியாது.

இந்த விவரத்தை அவருக்கு நான் கூறவில்லை. காரை இயக்கலாம் என்றால் ஏன் ஓடக்கூடாது என்று அவர் கேட்டிருப்பார்.

ஜனவரியில், பஸ் தரிப்பிடத்துக்குப் போகும் வழியில் உறைபனியில் வழுக்கி விழுந்து அவருக்குக் கணுக்கால் சுளுக்கிக்கொண்டது. செய்தியைக் கொண்டு வந்தவள் என் மனைவி.

"காலிலை கட்டோடை இருக்குது அந்தப் பிள்ளை. நீங்கள் போய்ச் சொல்லுறியளோ, நான் சொல்லட்டோ?"

"ஆறுதலாச் சொல்லுவம்."

"ஆறுதலா எண்டால்? உங்களுக்குக் கண் தெரிஞ்ச பிறகோ?"

அன்று மாலையே போனேன். அவர் முக்காலி ஒன்றில் காலைத் தூக்கி வைத்திருந்தார். நலம் விசாரிக்க வந்த ஒருவர் பக்கத்தில் இருந்தார். கடைக்கு அடுத்த மருந்துக்கடைக்காரர், மலேசியத் தமிழர்.

"வாங்கோ ஐயா. இவர்தான் நான் சொன்ன இஞ்சினியர்," என்று அவரிடம் என்னைக் காட்டிவிட்டு, என் பக்கம் திரும்பினார். "இவரும் ஹைபிரிட் வாங்கப் போறாராம், கொஞ்சம் சொல்லிவிடுங்கோ."

"குளிர்ல ஓட்டவே கூடாதா சார்? விக்கிறவங்க அப்படி ஒண்ணும் சொல்லலையே."

"விக்கிறவன் சொல்லுவானோ?" என்றார் வீட்டுக்காரர்.

எழுந்து நின்று சொல்ல வேண்டிய விடயம் அது. நான் இன்னும் அமராதிருந்தது வசதியாயிற்று.

"ஓடலாம். நான் சொன்னது பொய். எனக்குக் கண்ணிலை புரை. டொக்டர் ஓடவேண்டாமெண்டு மறிச்சுப்போட்டார்."

வீட்டுக்காரர் தொலைக்காட்சியின் ஓசையைக் குறைத்தார்.

"அப்ப நவம்பரிலையும் ஓடியிருக்கலாமோ?"

"ஓம்."

"நான் விழுந்த அண்டைக்கும்?"

"ஓம்."

அவர் தம் காலைப் பார்த்தார். பிறகு மருந்துக்கடைக்காரரிடம் கார்த் திறப்பை நீட்டினார். "ஒருக்கால் போய் அதை எழுப்பிப் பாருங்கோ."

தறப்பாளை அகற்றினோம். நான் அறிந்திருந்தபடியே சிறிய பாட்டரி முற்றாக இறங்கியிருந்தது, கதவுகூடத் திறபடவில்லை. திறப்புக்குள் ஒளிந்திருக்கும் சிறிய உலோகத் திறப்பை இழுக்கச் சொன்னேன். கதவைத் திறந்து, முன்மூடியைத் தூக்கி, சிவப்பு மூடிக்குக் கீழே இருக்கும் முனையைக் காட்டினேன். கைந்நூலை இரண்டு மாதம் படித்ததன் பயன் அது. மருந்துக்கடைக்காரர் தம் காரை அருகே கொண்டுவந்து வயர்களைக் கொழுவிவிட்டு, வீட்டுக்காரரின் காருக்குள் ஏறிப் பொத்தானை அழுத்தினார்.

"ஸ்டார்ட் ஆகலையே சார். சத்தமே காணோம்."

"ஸ்டார்ட் வந்திட்டுது. பச்சை வெளிச்சம் தெரியுதெல்லே? சத்தம் வராது."

வாசற்படியில் ஒற்றைக் காலில் நின்றவர் கேட்டார்: "இதை நம்பலாமோ ஐயா?"

"எனக்கு வெளிச்சம் மங்கல். நீர் வந்து பாரும்."

அவர் நொண்டிக்கொண்டு வந்து பார்த்தார்.

மார்ச்சில், முதற் கண்ணின் சத்திரசிகிச்சைக்கு என்னை அந்தக் காரில் அழைத்துச் சென்றவர் அவரே. நான் கேட்கவில்லை, என் மனைவி கேட்டிருந்தாள். போகும் வழியில், என் சட்டைப்பையில் இருந்த கடிதத்தைப் பற்றிக் கூறினேன்.

"சங்கத்துக்கு எழுதியிருக்கிறன். முதற் பக்கத்திலை கண். ரெண்டாம் பக்கத்திலை காரும் நீர் விழுந்ததும். அடுத்த கூட்டத்திலை வாசிப்பன்."

அவர் காரை ஓரமாக நிறுத்தினார்.

"கண்ணை வாசியுங்கோ. காரை விடுங்கோ."

"அது முறையில்லை தம்பி."

"உங்களுக்கு முறை ஐயா. புதுக்காரைக் கயித்தாலை கட்டிவைச்சிட்டு ரெண்டு பஸ் மாறித் திரிஞ்சவன் நான். அதைக் கேட்டால் சனம் உங்களைப் பாத்தோ சிரிக்கும்?"

இரண்டாம் பக்கத்தை அன்றே கிழித்தேன். அதில் இருந்ததை இப்போது, அவருடைய சம்மதத்துடன், அவருடைய பெயரின்றி எழுதியிருக்கிறேன். முதற் பக்கத்தை, ஒரு கண் தெளிவாகத் தெரிய, அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று வாசித்தேன். பின்னர் கதிரையை, முன்பு அதில் இருந்த நண்பரிடமே ஒப்படைத்தேன். அவர் பஸ்ஸில் வந்திருந்தார்.